அலமாரிக் கதவில் ஒரு சாக்பீஸ் கோடு

எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு சாக்பீஸ் கோடு இருக்கிறது. பக்கத்தில் ஒரு விலை. போட்டவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். தங்கச் சுரங்கம் மூடும்வரை அவர் வைண்டிங் டிரைவர். ஆட்கள் நிற்கும் கேஜை இரும்புக் கயிற்றால் மேலே இழுப்பவர். இன்ஜின் ரூமிலிருந்து பார்த்தால் கேஜ் தெரியாது. கயிறு சுற்றும் டிரம்மில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். அது வந்ததும் பிரேக் போட வேண்டும். தவறினால் கேஜ் உச்சியில் போய் இடிக்கும்.

பிறகு நாங்கள் இருவருமே மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போனோம். மகளின் நர்சிங் படிப்புக்கென்று நான் வாங்கிய பங்குகள் மளமளவென்று ஏறிய காலம் அது. "எந்த வெலை வந்தா ஃபீசுக்குப் போதும்?" என்று கேட்டு, மச்சான் கதவில் கோடு போட்டார். அந்த விலை வந்தது. விற்றேனா? ஆசை யாரை விட்டது! கோட்டை அழித்துவிட்டு ஒரு சாண் மேலே போட்டேன். ஃபீஸ் கட்டப் பத்தே நாள். ரயில் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்; சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த மச்சான் அலமாரியைத் திறந்தார். முகம் மாறிவிட்டது.

"இன்னா மாப்ள இது? கயிறு நீண்டா நாங்களுந்தான் மார்க்க மாத்துவோம். காலி கேஜ நிறுத்தி வச்சி மாத்துவோம். ஆள் ஏறினப்புறம் அதுல கை வைக்க மாட்டோம். இதுல எம் மருமவ நிக்கிறா!"

சுருக்கென்றது. மறுநாள் சந்தை திறந்ததும் ஃபீசுக்கு வேண்டியதை மட்டும் விற்றேன். மீதி காலி கேஜ். அதற்கு மச்சானே புதிதாக ஒரு கோடு போட்டுத் தந்தார். விற்ற வாரமே விலை இன்னும் ஏறியது. "இன்னா, வயிறு எரியுதா?" என்று ரயிலில் சீண்டினார். எரியவில்லை என்றால் பொய். ஆனால் அன்றைக்கு டிபன் பாக்ஸில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

மகள் இப்போது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். மச்சான் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இன்று காலை மீதிப் பங்குகள் அவர் போட்ட கோட்டைத் தொட்டன. காலி கேஜ்தானே, இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று ஈரத்துணியோடு அலமாரியைத் திறந்தேன். சமையலறையில் மனைவி முழங்காலைப் பிடித்தபடி மெல்ல எழுந்தாள். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று போன வாரம்தான் டாக்டர் சொன்னார்.

துணியைக் கீழே வைத்தேன்.

"மச்சான், இதுல இப்ப உங்க தங்கச்சி நிக்கிறா" என்று கோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் விற்றேன். அப்பாடா என்றிருந்தது.