சைக்கிள் யாருடையது?

நுஸ்ரத் டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கிண்ணியாவில் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், ஆகவே தெரிந்துதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கோபம் எங்கே பிறந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

அது பரீட்சையில் எடுத்த ஒரு ‘ஏ’ சித்தியில் பிறந்தது. பாலம் வருவதற்கு முந்திய காலம். பாதை என்று சொல்லுகிற மிதவையில் ஏறி அக்கரைக்கு வந்து, பஸ் பிடித்துத் திருகோணமலைக்கு ரியூசனுக்குப் போய் வந்த பிள்ளை அவர். பதினோராம் வகுப்பு முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சையில் இலக்கியப் பாடத்துக்கு ‘ஏ’ கிடைத்தது. வாப்பா தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். சில வருடங்கள் கழித்து ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில், அந்தப் பரீட்சைக்கு வந்த சிறுகதையை நுஸ்ரத் முதன்முதலாக வாசித்தார். ஆம், முதன்முதலாகத்தான். பரீட்சைக்கு அவர் பாடமாக்கியது கதையை அல்ல, ரியூசன் மாஸ்டர் அச்சடித்துக் கொடுத்த குறிப்பை. குறிப்பு நல்லவன் என்று சொன்ன மனிதன் கதையில் சரியான கள்ளனாக இருந்தான். கதையில் சிரிப்பு வேறு இருந்தது, குறிப்பில் அது மருந்துக்கும் இல்லை. நுஸ்ரத்துக்கு வந்தது ஏமாற்றப்பட்ட ஆத்திரம். “என்னைப் பேய்க்காட்டிப் போட்டாங்க” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்.

அந்த ஆத்திரத்தை அவர் ஆற விடவில்லை. தரம் பதினொன்றுக்கு இலக்கியம் படிப்பிக்கத் தொடங்கிய நாளிலிருந்து வகுப்பில் ஒரே சட்டம். கதையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், அதற்கு ஆதாரமான வரியில் விரலை வைக்க வேண்டும்.

“அவன் நல்லவன் டீச்சர்.”

“எங்க? விரல வைங்க.”

வரி கிடைக்காவிட்டால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். டீச்சருக்கும் அதே சட்டம்தான். ஒருமுறை அவரே இல்லாத வரியைத் தேடி மாட்டிக்கொண்டபோது பிள்ளைகள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். பக்கத்து வகுப்பும் சேர்ந்து சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? அந்த நீள மண்டபத்தில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே இருப்பது ஆளுயரப் பலகைத் தட்டிதான். ஒரு வகுப்பில் தும்மினால் அடுத்த வகுப்புக்குக் கேட்கும்.

இரண்டாம் தவணைப் பரீட்சைக்குப் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு சின்னக் கதை வந்தது. தகப்பன் இல்லாத மீனவக் குடும்பம். மகனுடைய வள்ளத்து எஞ்சின் பழுது. அதைத் திருத்துவதற்காகத் தாய் மகளுடைய சைக்கிளை விற்கிறாள். மகன் கடலுக்குப் போகிறான். கடைசி வரியில் தூரத்தில் பள்ளி மணி அடிக்க, மகள் புத்தகப் பையோடு சைக்கிள் சாத்தியிருந்த சுவரருகே நிற்கிறாள். கேள்வி: ‘இக்கதையில் வெளிப்படும் தாயின் தியாகத்தை விளக்குக.’ மேலிடத்திலிருந்து வந்த புள்ளித்திட்டம் தாயைத் தெய்வமாக்கி, ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் புள்ளி ஒதுக்கியிருந்தது.

ரிஸ்லா என்ற பிள்ளை இப்படி எழுதியிருந்தாள்: ‘தாய் தியாகம் செய்யவில்லை. தன்னுடைய பொருளைக் கொடுத்தால்தான் தியாகம். சைக்கிள் மகளுடையது. அவளிடம் கேட்டதாகக் கதையில் ஒரு வரியும் இல்லை. இருக்கிற வரி, மணி அடித்த பிறகும் அவள் சுவரருகே நிற்பதுதான். கொடுத்தது அவள். அதுவும் கேட்காமல் எடுக்கப்பட்டது.’

நுஸ்ரத் டீச்சர் சிவப்புப் பேனையைக் கீழே வைத்துவிட்டார். எத்தனை தரம் வாசித்த கதை, தனக்கு இது தோன்றவில்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு முழுப் புள்ளியும் போட்டார்.

அதிபர் சரீப் சேர் கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்துக் கார் வாசலில் நின்றால் அவருக்கு வியர்க்கும், அவ்வளவுதான். திருத்திய விடைத்தாள்களைப் பார்க்க ஆட்கள் வரப்போகிறார்கள் என்றதும் டீச்சரைக் கூப்பிட்டார்.

“டீச்சர், இதென்ன? ஒரு தாயப் பத்தி இப்படி எழுதலாமா?”

“எழுதலாம் சேர், கதையில இருந்தா.”

“புள்ளித்திட்டத்துல இல்லையே.”

“கதையில இருக்கு. விரல வச்சுக் காட்டட்டா?”

“பெரிய பரீட்சையில இப்படி எழுதினா நட்டம் அந்தப் புள்ளைக்குத்தான். அத யோசிச்சீங்களா?”

அது பட வேண்டிய இடத்தில் பட்டது.

“யோசிச்சேன் சேர். பரீட்சைக்கு எப்படி எழுதணும் எண்டும் அவளுக்குச் சொல்லிக் குடுப்பேன். ஆனா சரியான விடைக்குப் பிழை போட எனக்கு ஏலாது.”

“அப்ப தரம் பதினொண்ட நௌபர் சேருக்குக் குடுக்க வேண்டி வரும்.”

அந்தப் பள்ளிக்கூடத்தில் தரம் பதினொன்றைத் தவிர நுஸ்ரத் டீச்சருக்கு வேறு ஆசை இல்லை. அது அதிபருக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தார்.

“குடுங்க” என்றார் டீச்சர். “புள்ளியக் குறைக்கிறதெண்டா அவர்ட பேனையால குறைக்கட்டும். என்ட பேனை குறைக்காது.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று வீட்டில் கணவர் சொன்னார். சும்மா இருந்துதான் எனக்கு ‘ஏ’ வந்தது என்றார் டீச்சர்.

நௌபர் சேர் பேனையால் அந்தக் கேள்விக்கு ரிஸ்லாவுக்கு முட்டை விழுந்தது. நுஸ்ரத் டீச்சருக்கு ஆறாம் வகுப்பு கிடைத்தது. கணக்கெல்லாம் சரியாகப் போட்ட அதிபர் ஒன்றை மறந்துபோனார். ஆறாம் வகுப்பு இருந்தது தரம் பதினொன்றுக்குப் பக்கத்தில், தட்டிக்கு இந்தப் பக்கம்.

திங்கட்கிழமை டீச்சர் பிள்ளைகளுக்கு வாசிப்புக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். அந்தப் பக்கத்தில் நௌபர் சேரின் குரல் கணீரென்று கேட்டது. சொல்லச் சொல்ல எழுத வைப்பதில் அவர் மன்னன்.

“எழுதுங்க. இக்கதையில் வரும் தாய், தியாகத்தின் மறுவடிவம். முற்றுப்புள்ளி.”

“சேர்.” ரிஸ்லாவின் குரல். “அது எந்த வரியில இருக்கு?”

“என்ன?”

“தாய்ட தியாகம், சேர். விரல வச்சுக் காட்டுங்க, எழுதுறேன்.”

எழுந்து போய் அவளை அடக்கலாமா என்று நுஸ்ரத் டீச்சர் ஒரு கணம் நினைத்தார். ஏற்கெனவே முட்டை வாங்கிய பிள்ளை.

“முட்டை எடுத்தும் புத்தி வரல்லியா? வாய மூடிட்டு எழுதுங்க!” என்று நௌபர் சேர் சத்தம் போட்டார். “எல்லாரும் எழுதுங்க!”

ஒரு வகுப்பு எழுதும்போது வருகிற சத்தம் ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். தாள் உரசும், வாங்குப் பலகை முனகும், யாராவது ரப்பர் கேட்பார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் அப்படி எதுவும் கேட்கவில்லை. ஒருவரும் எழுதவில்லை.

“சைக்கிள் ஆர்ட சேர்?” என்றது வேறொரு குரல். பின்வரிசை வாங்கிலிருந்து இன்னொன்று, “விரல வைங்க சேர்” என்றது.

நௌபர் சேர் செருமினார். மேசை லாச்சியை இழுத்தார், தள்ளினார். கடைசியில் யாரிடமோ புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு முதல் வரியிலிருந்து, மெதுவாக, இதுவரை போகாத வீட்டுக்குள் நுழைகிறவர் போல, அவர் கதையை வாசிக்கத் தொடங்கினார்.

ஆறாம் வகுப்பில் யாரோ குசுகுசுத்தார்கள். நுஸ்ரத் டீச்சர் திரும்பினார்.

“சத்தம் போடாதீங்க” என்றார். “அங்க கதை வாசிக்கிறாங்க.”