மூன்று வண்டிகளும் ஒரு புதுக் கதவும்

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அட்டை மேஸ்திரி என்றால்தான் தெரியும். வண்டிகளுக்கு டிங்கர் வேலை செய்பவர். அதிலும் பழைய கேம்பர் வேன் என்றால் அவருக்கு உயிர். உள்ளேயே படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை என்று ஒரு குட்டி வீடே இருக்குமே, அந்த வேன்கள்தான். துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுப்பதற்கு முன்னால் அந்த இடத்தின் வடிவத்தை அட்டையில் வெட்டி வைத்துக்கொள்வார். பிறகு அந்த அட்டையைப் பார்த்துத்தான் புதுத் தகரத்தை வளைப்பார். பட்டறைச் சுவர் முழுக்க ஆணியில் அட்டைகளாகத் தொங்கும். எங்கள் கல்யாண போட்டோவை மாட்ட மட்டும் இன்றுவரை ஓர் ஆணி கிடைக்கவில்லை.

துருவின் மேலேயே பட்டிப் பசையைக் குழைத்து அப்பி, தேய்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து ஏமாற்றுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பழைய வேன் ஒன்றைச் சுரண்டினால் உள்ளேயிருந்து என்னென்னவோ வரும். கசக்கிய செய்தித்தாள், சாக்குத் துண்டு, ஒரு தடவை யாரோ கழற்றிப் போட்ட சாக்ஸ். ஒவ்வொரு தடவையும், "இங்க வா, இந்த அநியாயத்த வந்து பாரு" என்று கத்துவார். அதே பட்டறையின் மூலையில் சீட் உறையும் திரைச்சீலையும் தைக்கிற நான் மிஷினை நிறுத்திவிட்டுப் போய், ஐயோ பாவமே என்று சொல்லிவிட்டு வர வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை, உறைப்பு இல்லை என்று முனகுவார்.

இந்த மனிதருக்கு ஒரே ஓர் அண்ணன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மாவும் அப்பாவும் போன பிறகு இவரைத் தூக்கி வளர்த்ததே அவர்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூத்தார் தன் கேம்பர் வேனைப் பின்சக்கரத்துப் பக்கம் இருந்த சின்னத் துருவுக்காக எங்களிடம் விட்டார். இவர் சும்மா இருப்பாரா? பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவில், இதே மாடல் வண்டி ஒன்றில் முன்பு எடுத்திருந்த தன் அட்டையை வைத்துப் பார்த்தார். கதவின் கீழ்ப்படி அட்டையைவிட ஒரு விரல் தாழ்ந்திருந்தது. எவனோ கெடுத்து வைத்திருக்கிறான் என்று தீர்மானித்து, படியை உயர்த்தி, கதவின் அடியையும் வெட்டிச் 'சரிசெய்து' அனுப்பினார்.

முதல் மழைக்கே படுக்கை நனைந்துவிட்டது. மூத்தார் வண்டியோடு வந்து நின்றார்.

"நீ கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு உள்ள வந்ததில்லடா."

"இந்த வண்டிங்களோட சுபாவமே ஒழுகுறதுதான் அண்ணா. பஸ் ஓட்டத் தெரிஞ்சா தகரமும் தெரிஞ்சிடுமா?"

பட்டறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சிலர் சிரித்தும் விட்டார்கள். மூத்தார் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். நாலு தெரு தள்ளித்தான் வீடு. அந்த வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவதற்கு என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த சந்துகள் எனக்கே தெரியாதவை. ஏதாவது நல்லது கெட்டது என்றால், "அண்ணன் இருந்தா கேக்கலாம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன மாதம் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் தன் வேனைக் கொண்டுவந்தார். கதவும் படியும் துருவில் உதிர்ந்து போயிருந்தன. அந்தம்மா லேசுப்பட்டவர் இல்லை. எங்கெங்கோ விசாரித்து, வண்டி செய்த கம்பெனியே அந்தக் காலத்தில் செய்து, ஒருநாளும் மாட்டப்படாமல் ஒரு கிடங்கில் கிடந்த அசல் கதவை வாங்கி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் அட்டையின்படி புதுப்படி கட்டினார். கதவைத் தூக்கி வைத்தார். மூடவில்லை. ஒரு விரல் உயரம் அதிகம்.

கழற்றினார், மாட்டினார். உருளை சரியில்லையோ என்று பார்த்தார். கதவு ஓடும் தண்டவாளத்தைத் தட்டினார். கதவைத் தரையில் கிடத்தி, சுற்றிச் சுற்றி வந்தார். "கம்பெனிக்காரன் தப்பா செஞ்சிட்டான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வேற மாடல் கதவு" என்றார். டீச்சர் கதவில் பதித்திருந்த எண்ணைக் காட்டி, இதே மாடல்தான் என்றார். கதவின் அடியை வெட்ட மிஷினைக் கையில் எடுத்தபோது, நான் போய்க் கதவின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"அசல் கதவ வெட்டாதீங்க. முதல்ல மத்த வண்டிங்கள்ல வச்சுப் பாருங்க."

ஊரில் இதே மாடலில் இன்னும் மூன்று வண்டிகள் இருந்தன, மூத்தாருடையதைச் சேர்க்காமல். பல் டாக்டருடையது, போட்டோகிராபருடையது, பேக்கரி நடத்தும் புருஷன் பெண்டாட்டியுடையது. கதவைச் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு, டீச்சரும் நாங்களும் வீடு வீடாகப் போனோம். பெண் பார்க்கப் போவது போல ஒவ்வொரு வாசலிலும் கதவை இறக்கினோம். பல் டாக்டர் வண்டியில் ஒரு விரல் அதிகம். போட்டோகிராபர் வண்டியிலும் அதே ஒரு விரல். பேக்கரிக்காரர்கள் வண்டியிலும் அப்படியே. அங்கே அவர்களுடைய குழந்தைக்கு ஓயாத இருமல். பகலில் அவனைத் தூங்க வைக்கிற வண்டிப் படுக்கை எப்போதும் ஈரம் என்று அந்தப் பெண் அலுத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம். "பார்த்தீங்களா டீச்சர்? மூணு வண்டி ஒண்ணு சொல்லுது. இந்தக் கதவு மட்டும் வேற சொல்லுது. எது தப்பு?"

டீச்சர் அவசரப்படவில்லை. "இந்த மூணு படியையும் கட்டினது யாரு?"

"நான்தான்."

"மூணு பசங்க ஒரே பேப்பரப் பார்த்து எழுதினா விடை ஒண்ணாத்தானே இருக்கும்? அதுக்காக விடை சரின்னு ஆயிடுமா?"

லாரி கிளம்பியது. எனக்கும் குழப்பம்தான். அட்டை தப்பென்றால், அந்த அட்டை எங்கிருந்து வந்தது? பல் டாக்டர் வண்டியில் எடுத்தது. அதுதான் இந்த மாடலில் என் வீட்டுக்காரர் தொட்ட முதல் வண்டி. பதினைந்து வருஷமாகிறது. அப்போது அந்தப் படி நன்றாகத்தான் இருந்தது, ஒரு முனையில் மட்டும்தான் துரு என்று அவர் சத்தியம் செய்தார். ஆனாலும் திரும்பவும் டாக்டர் வீட்டுக்கே லாரியைத் திருப்பினார். துருப்பிடிக்காமல் அன்று அவர் வெட்டாமல் விட்ட மறுமுனையில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பெயிண்டோடு கட்டியாக ஒன்று உடைந்து விழுந்தது. பட்டி. ஒரு விரல் கனம். அவருக்கும் முன்னால் எவனோ ஒருவன் அப்பிய பட்டியைத் தகரமென்று நம்பி, அதன்மேல் அட்டையை வைத்து அளவெடுத்திருக்கிறார். ஊரில் ஒருவனையும் நம்பாத மனிதர், அந்த முகம் தெரியாத ஏமாற்றுக்காரனின் அளவைப் பதினைந்து வருஷம் சுவரில் மாட்டிக் கும்பிட்டிருக்கிறார்.

இந்தத் தடவை "இங்க வா, பாரு" என்று அவர் கத்தவில்லை. உடைந்த கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்போ அண்ணன் வண்டி?"

"அது சரியா இருந்திருக்கு. மழைத் தண்ணி வடியற அடி மடிப்பையே வெட்டி நீங்கதான் கெடுத்தீங்க" என்றேன். அந்த நேரத்தில் ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது வருஷம் அண்ணன் இல்லாமல் இருந்தது எதற்காக என்று அவருக்கும் தெரிய வேண்டாமா?

டீச்சரை அவர் வீட்டில் இறக்கிவிட்டு, நேராக மூத்தார் வீட்டுக்கு ஓட்டும்படி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. வாசலில் வேன் நின்றிருந்தது. கதவுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பேசின். மூத்தார் வெளியே வந்து எங்களைப் பார்த்தார், லாரியில் இருந்த கதவைப் பார்த்தார். அடையாளம் தெரியாத அளவுக்கு நரைத்திருந்தார்.

"தப்பு என்னுதுதான் அண்ணா" என்றார் என் வீட்டுக்காரர். அட்டை, பட்டி, டாக்டர், டீச்சர் என்று எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொல்லிக் குழப்பினார். மூத்தார் பாதியிலேயே உள்ளே போய்விட்டார். கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். அவர் ஒரு கொசுவலைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நீ கை வைக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடி நானே செஞ்சது. அப்ப வண்டி வாசல்ல கச்சிதமா உக்காந்துச்சு. உன்கிட்டேர்ந்து வந்தப்புறம் நுழையவே இல்ல."

சட்டத்தைப் புதுக்கதவின் மேல் வைத்தோம். இம்மி பிசகவில்லை.

"இத அன்னைக்கே காட்டியிருக்கலாமே அத்தான்?" என்றேன் நான்.

"காட்டத்தாம்மா கொண்டு வந்தேன். வண்டிக்குள்ளதான் இருந்துச்சு. பட்டறை பூரா ஆளுங்க. அவங்க முன்னாடி இத எடுத்து வச்சா, அப்புறம் இவன்கிட்ட யாரு வண்டி விடுவா? நான் கோவிச்சுக்கிட்டுப் போனதாவே இருக்கட்டும்னு வந்துட்டேன்."

என் வீட்டுக்காரர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"அண்ணா, அதுக்கப்புறம் ரெண்டு வண்டிய அதே அட்டைய வச்சுக் கெடுத்திருக்கேன். பேக்கரிக்காரங்க குழந்தை ஈரத்துல படுத்து இருமுது."

மூத்தார் திகைத்துப் போனார். தட்டுத் தடுமாறி, "அன்னைக்கு என் கண்ணுக்கு நீ மட்டும்தாண்டா தெரிஞ்ச" என்றார்.

அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடுவதா, நன்றாக நாலு கேள்வி கேட்பதா என்று எனக்கு விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை. என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேக்கரி எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று என்னிடம் கேட்டார். ஏழு மணி வரை என்றேன். அவர் லாரியில் ஏறினார்.

மூத்தார் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார்.

"நானும் வர்றேன்டா. செஞ்சது நீ. தெரிஞ்சும் சொல்லாம இருந்தது நான்."