தொண்ணூறு வரை ஒரு மந்திரம்

1. அந்த அக்காவின் வலது தோளில் கை வைத்தேன். அழுத்தவில்லை.
2. தொண்ணூறு வரை எண்ணினேன். மனதுக்குள் எண்ண வேண்டியது, உதடு அசைந்துவிட்டது.
3. மறுநாள் அவர் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

பிசியோதெரபி முடித்து, சிவகாசியில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்த முதல் வருடம். தசைக்கு மேலே இருக்கும் மெல்லிய உறை இறுகிப் போனால் மல்லுக்கட்டக் கூடாது, கையை வைத்துத் தொண்ணூறு விநாடி காத்திருந்தால் தானாக இளகும் என்று படித்திருந்தேன்.

அக்கா விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கான காகிதக் குழாய் சுருட்டுபவர். கை தோளுக்கு மேல் எழவில்லை. கம்பெனி வேனில் கம்பியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளி அவரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சீசன் தொடங்கினால் இதற்கெல்லாம் வேன் நிற்காது என்று டிரைவர் சொல்லிவிட்டார்.

எலுமிச்சம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, "என்ன மந்திரம் தாயி சொல்றீக?" என்றார்.

"மந்திரமில்லக்கா. எண்ணுறேன்."

"சரி சரி, வெளிய சொல்லப்படாது போல."

கூட வந்த தோழிக்கு நம்பிக்கையில்லை. "எங்க ஊர்ல சுளுக்கு எடுத்தா சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேக்கும். இவுக இட்லி வெந்துருச்சான்னு பாக்குற மாதிரில்ல தொடுறாக."

இரண்டு வாரத்தில் தோள் இளகியது, கை ஏறவில்லை. சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றும் பயிற்சி கொடுத்திருந்தேன். செய்தீர்களா என்று கேட்டேன்.

"மந்திரிச்ச கைய ஆட்டலாமா தாயி?"

படித்தவள் சொல்லக் கூடாததைச் சொன்னேன். "பாதி மந்திரம்தான்க்கா என் கையில. மீதி உங்களுக்கு. விரல செவுத்துல ஏத்தி வச்சு, நீங்களும் தொண்ணூறு எண்ணணும். மூணு வேளை."

அக்கா யோசித்தார். சுருட்டிய குழாயை அவர்கள் குரோஸ் கணக்கில்தான் எண்ணுவார்கள்; ஒரு குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நான்கு.

"தொண்ணூறுல நிப்பாட்டிப் பழக்கமில்ல. குரோஸாவே எண்ணிடுதேன்."

"எண்ணுங்க."

"கூட எண்ணுனா மந்திரம் கோவிச்சுக்காதே?"

"கோவிக்காதுக்கா."

சீசன் தொடங்கியபோது நிலவரம் இது. அக்கா கம்பியைப் பிடித்துத் தானே வேனில் ஏறுகிறார். கை காதைத் தொட இன்னும் நான்கு விரற்கடை பாக்கி. தோழிக்கு இப்போது கழுத்துவலி. திங்கள், வியாழன் வருகிறார். நான் வாயை இறுக மூடிக்கொண்டு எண்ணுகிறேன். எலுமிச்சம்பழம் வந்துகொண்டுதான் இருக்கிறது.