விட்டுச் சென்றவர்களின் பக்கம்

இங்கே கனடாவில், கோப்பிக்கடை வரிசையில் சீருடை போட்ட இராணுவத்தினர் யாராவது எனக்குப் பின்னால் வந்து நின்றால், இன்றைக்கும் நான் என்னை அறியாமல் விலகி வழிவிடுகிறேன். "நீங்கள்தானே முன்னால் நின்றீர்கள்" என்று அவர்கள் சிரிப்பார்கள். காசு வாங்கும் பெண் அவர்களுக்கு நன்றி சொல்வாள். இராணுவத்துக்கு எதற்கு நன்றி என்று வந்த புதிதில் எனக்கு விளங்கவில்லை.

மோர்னிங்சைட்டில் எங்கள் பக்கத்து வீட்டு மார்க்கும் கனேடிய இராணுவத்தில் இருந்தவர் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. தெரியவந்தபோது, எங்கள் வாசல் பனியையும் சேர்த்து வழித்துவிடும் மனிதராக அவர் ஆகியிருந்தார். காந்தகாரில் இருந்தவராம். காபூல் விழுந்த கோடையில், தொலைபேசியைக் காதில் வைத்தபடி பின்வளவில் ஓயாமல் நடந்துகொண்டிருந்தார். ஒரு மதியம் வேலியருகே வந்து எங்கள் பேஸ்மென்ட் காலியாக இருக்கிறதா என்று கேட்டார். காந்தகாரில் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ரஹீம், மனைவி நஸ்ரின், இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களை எப்படியும் கொண்டுவந்துவிடுவேன் என்றார். பிறகு, "உங்கள் ஊரிலும் வேற்றுநாட்டு இராணுவம் இருந்ததுதானே? அது போனபோது சந்தோஷப்பட்டீர்களா?" என்றார்.

"சந்தோஷப்பட்டோம். அதோடு எங்கள் வீடும் முடிந்துபோனது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். குண்டு விழுந்து வீடு இடிந்ததாக அவர் எடுத்துக்கொண்டார். திரும்பக் கட்டினீர்களா என்று அக்கறையோடு கேட்டார்.

நான் வீடு என்று சொன்னது என் சின்னண்ணையை. அந்த இராணுவம் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தது. சின்னண்ணைக்கு ஆங்கிலம் நன்றாக வரும். படம் பார்த்துப் பழகிய ஹிந்தியும் கொஞ்சம் வரும். சோதனைச்சாவடியில் நின்று மொழிபெயர்த்துப் பேசு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். மாட்டேன் என்று சொல்லும் நிலையில் அன்றைக்கு யாரும் இல்லை. அவர்கள் செய்த கொடுமைகளை நான் மறக்கவில்லை. ஆனால் அண்ணை இடையில் நின்று பேசியதால் உயிரோடு வீடு திரும்பிய இளைஞர்களும் இருக்கிறார்கள். ஊர் அவரை நன்றியோடும் பார்த்தது, சந்தேகத்தோடும் பார்த்தது. இராணுவம் புறப்படுகிறது என்றானதும் முகாம் அதிகாரி, "உடுப்புகளை எடுத்து வை, கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறோம்" என்றாராம். அண்ணை குளித்து, சேட் மாற்றி, பையோடு வாசல் படலையில் நின்றார். லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒன்றும் நிற்கவில்லை. சனம் வீதிக்கு வந்து ஆரவாரித்தது. பிறகு ஒரு மாலை இயக்கக்காரர் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். "அண்ணை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. சின்ன விசாரணைதான்." அம்மா சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தார். அண்ணை வரவேயில்லை.

ஆயுதத்தோடு வந்தவர்கள் போகத்தான் வேண்டும். இதை எங்கேயும் சொல்வேன். ஆனால் தங்கள் தேவைக்காக ஒருவனை அவன் சனத்திடமிருந்து பிரித்து எடுத்தவர்கள், போகும்போது அவனை யார் கையில் விட்டுவிட்டுப் போகிறோம் என்று திரும்பிப் பார்த்திருக்கலாம்.

பேஸ்மென்ட்டைக் கொடுக்கப்போகிறேன் என்றதும் மகள் முகம் சுளித்தாள். "அம்மா, திஸ் இஸ் நொட் அவர் ப்ரொப்ளம்."

"உன்ர மாமாவையும் அப்பிடித்தான் சொல்லி விட்டிட்டுப் போனவை" என்றேன். அடுத்த சனிக்கிழமை அவளே பெயின்ற் வாங்கிவந்து பேஸ்மென்ட் சுவர்களுக்கு அடித்தாள்.

ரஹீமால் விமானநிலைய வாசலை நெருங்க முடியவில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் உறவினரோடு எல்லை கடக்க அனுப்பிவிட்டு, பின்னால் தனியாக வந்தவரை காபூலைக் கைப்பற்றியவர்கள் வழியில் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. நஸ்ரினும் பிள்ளைகளும் ஒரு பனிக்காலத்தில் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களைப் பார்க்க மார்க் வந்தபோது என் சமையலறையில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றார். நஸ்ரின் தேநீர் கொண்டுவந்தாள். அவர் அதை வாங்காமல், "ஐ ஆம் ஸொறி. வீ லெஃப்ட் ஹிம்" என்றார். நஸ்ரின் அவர் காலடியில் உருகி ஓடிய பனித்தண்ணீரைப் பார்த்தாள். "நோ ப்ரொப்ளம், நோ ப்ரொப்ளம்" என்று சிரித்தபடி துணி எடுத்துத் துடைத்தாள். தகப்பனிடம் ஆங்கிலம் படித்த மூத்தவள் வாசலில் நின்றாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது. தாய்க்கு அவள் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

மார்க் போன பிறகு பேஸ்மென்ட் படியில் போய் இருந்த மூத்தவளுக்குப் பக்கத்தில் போக நினைத்தேன். என் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும், நானும் உன்னைப்போலத்தான் என்று சொல்ல வேண்டும் என்று இரண்டு படி இறங்கினேன். அவள் நிமிர்ந்து, "அன்ரி, நீங்கள் கனேடியரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

'நாங்கள் அவரை விட்டுவிட்டோம்' என்று மார்க் சொன்ன அந்த 'வீ'க்குள் நானும் இருக்கிறேன். கை உயர்த்திச் சத்தியம் செய்து, கண்கலங்கி வாங்கிய குடியுரிமை. இல்லை என்று சொல்ல முடியவில்லை. தலையாட்டினேன். கோப்பிக்கடை வரிசையில் நான் விலகுவதுபோல, அவள் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். நான் மேலேயும் போகாமல், அவளருகே இறங்கவும் துணியாமல், நின்ற படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.