கட்டுப் போட்ட கையும் ஐந்து ஜோடி இயர்பட்ஸும்

நான் நல்ல பீஸ் என்று சொல்லி விற்ற இயர்பட்ஸ் முக்கால் மணி நேரத்தில் ஒரு டீ கிளாஸுக்குள் விழுந்தது. வாங்கிய பெண் அந்தக் கோபத்தோடு படியேறி எங்கள் கடைக்குள் வந்தபோது, நான் அடுத்த கஸ்டமரிடம் அதே பீஸைப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

ஆந்திராப் பக்கம் புத்தூரில் ஒரு மொபைல் கடையில் பதினேழு வருடமாகக் கவுன்டரில் நிற்கிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் எல்லோரும், "அக்கா, கம்மி விலையில எந்த இயர்பட்ஸ் நல்லது?" என்று கேட்கிறார்கள். ஒற்றைப் பதிலாகச் சொல்ல முடிந்தால் சொல்லிவிட மாட்டேனா? இதைப் படித்துவிட்டு வாருங்கள்.

1. என் டெஸ்டிங்

கடைக்கு எந்த மாடல் ஸ்டாக் எடுப்பது என்பதை எங்கள் ஓனர் பாஸ்கர் சார் என்னிடம்தான் விடுவார். "செல்வி பாஸ் போட்டா பாஸ்" என்பார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்கவில்லை.

அந்த முறை ஐந்து மாடல் வந்திருந்தது. ஐந்துமே குறைந்த விலைதான். முதலில் காதில் மாட்டிக்கொண்டு சாமி வந்தவள்போல் தலையை ஆட்டுவேன். விழாமல் இருந்தால் ஃபிட்டிங் ஓகே. அடுத்தது பாட்டு, அதன் பேஸ் அதிர்வு. கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்று, நகரியில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் போடுவேன். ஹாரன் சத்தத்துக்கு நடுவிலும் அவள் திட்டுவது ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டால் ஸ்பீக்கர் பாஸ். நான் சொல்லும் பதில் அவளுக்குக் கேட்டு இன்னும் அதிகமாகத் திட்டினால் மைக்கும் பாஸ்.

கறுப்பு மாடல் முதல் இடம் வாங்கியது. விரலால் லேசாகத் தொட்டால் போதும், போன் காலை எடுத்துவிடும். கடைசி இடம் ஒரு வெள்ளை மாடலுக்கு. அதில் டச் கிடையாது, பட்டன். அமுக்கும்போது காதுக்குள் டொக்கென்று இடிக்கும், பேஸ் என்ற ஒன்றே இல்லை. கீழ் டிராயரில் தள்ளிவிட்டேன்.

2. டீயில் விழுந்தது

எங்கள் ஊருக்கு எலும்பு முறிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ வருவார்கள். பச்சிலையும் முட்டையும் வைத்து, மூங்கில் தப்பை கொடுத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எங்கள் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே கட்டுப் போட்ட கை எங்களுக்குப் புதிதல்ல. என் தப்பும் அங்கேதான் இருந்தது. தினமும் பார்க்கிற கையை நான் பார்க்கவே இல்லை.

அப்படிக் கட்டோடு வந்த மோகனாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டியிலிருந்து விழுந்து இரண்டு மணிக்கட்டும் போயிருந்தன. விரல் நுனிவரை கட்டு. கூட வந்த அவள் அப்பா ஸ்கூல் வேன் டிரைவர்.

"நாளைக்கு இதுக்குப் போன்ல இன்டர்வியூம்மா" என்றார் அவர். "திருப்பதில கால் சென்டர் வேல. பத்து மணிலேர்ந்து ஒரு மணிக்குள்ள எப்போ வேணா கூப்புடுவாங்களாம். நான் ஏழு மணிக்கே வேன எடுத்துக்கினு பூடுவேன். அவங்கம்மா கம்பெனிக்குப் பூடும். இது வூட்ல தனியாத்தான் இருக்கணும்."

"பக்கத்து வூட்ல யாரையாவது…" என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்க்கா" என்றாள் மோகனா. "தண்ணி குடிக்கணும்னாலும் ஒருத்தரக் கூப்புட வேண்டிக்கிது. இது ஒண்ணாவது நானா பண்ணணும்."

அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். நானும் அவ்வளவு தெளிவாகத் தலையாட்டிவிட்டுக் கறுப்பு மாடலை எடுத்துக் கொடுத்தேன். "இத லேசா தொட்டா போதும்மா, கால் எடுத்துரும்."

எதிர் டீக்கடையில் அப்பா அவளுக்கு டீயை ஊட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கால் வந்திருக்கிறது. அவள் கட்டோடு காதைத் தட்டியிருக்கிறாள். தொடுவது தோல் என்றால்தான் டச் வேலை செய்யும், துணி பட்டால் அசையாது. இன்னும் ஓங்கித் தட்டியதில் இயர்பட்ஸ் நேராக டீக்குள் குதித்துவிட்டது.

"தொட்டா எடுக்கும்னியே! எதாலக்கா தொடறது? மூக்காலயா?" என்று கேட்டாள். கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு வெட்கமாகிவிட்டது. தப்பைப் பீஸ் மேல் போடலாம் என்றால் பீஸ் மேல் ஒரு தப்பும் இல்லை.

3. துண்டு

முதலில் சுலபமான வழியைப் பிடித்தேன். வேறொரு மாடலை எடுத்து, அவள் போனில் ஆட்டோ ஆன்சர் செட்டிங்கைப் போட்டேன். கால் வந்தால் போன் தானாகவே எடுத்துக்கொள்ளும். சத்தம் பார்ப்பதற்காக ஒரு பட் அவள் காதில், இன்னொன்று என் காதில்.

அவள் கொஞ்சம் ஆறி, என்னிடம் பேச ஆரம்பித்திருந்தாள். "வண்டி ஓட்டக் கத்துக்கினதே தப்புன்னு ரேணிகுண்டா பெரியம்மா காலைலேர்ந்து நாலு வாட்டி போன் பண்ணிடிச்சிக்கா." அப்போது ரிங் வந்தது. "பாத்தியா, அதுவேதான். மொதல்ல அது வாய்க்குத்தான் ஒரு கட்டு போடணும்!"

"யாரு வாய்க்குடி?" என்று இரண்டு பேர் காதிலும் கேட்டது.

அதற்குப் பிறகு பெரியம்மா பேசியதை இங்கே எழுத முடியாது. கட் பண்ண எனக்குத் தைரியம் வரவில்லை, அவளுக்குக் கை வரவில்லை. நாளைக்கு இன்டர்வியூ நேரத்தில் பெரியம்மா முந்திக்கொண்டால் லைன் பிஸியாகிவிடும். ஆகவே ஆட்டோ ஆன்சர் ஃபெயில்.

பாஸ்கர் சாரிடம் ஒரு துண்டைக் கொடுத்து இரண்டு கையையும் நீட்டினேன். "கட்டுங்க சார். விரல் வெளிய தெரியக்கூடாது."

கட்டிவிட்டார். ஐந்து மாடலையும் மோகனாவின் அப்பா ஒவ்வொன்றாக என் காதில் மாட்டிவிட, பாஸ்கர் சார் எனக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். நான் சுவரில் காதைத் தேய்த்தேன், கவுன்டரில் இடித்தேன், சேர் முதுகில் சாய்த்தேன். சார்ஜர் வாங்க வந்த ஒருவர் பயந்து வெளியே நின்றுவிட்டார்.

"ஏமம்மா, இதி டெஸ்டிங்கா, சர்க்கஸா?" என்று தெலுங்கில் கேட்டார் பாஸ்கர் சார்.

வெள்ளை மாடல் கடைசியாக வந்தது. சலித்துப்போய்த் தோளை உயர்த்திக் காதை அதன் மேல் சாய்த்தேன். டொக். "ஹலோ" என்றார் பாஸ்கர் சார். அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் தோளால் அழுத்திப் பார்த்தேன், கால் கட் ஆயிற்று.

நான் ஃபெயில் போட்ட பீஸ். மோகனா காதில் மாட்டியதும் அவள் முதல் தடவையே எடுத்துவிட்டாள். பத்து தடவை எடுத்தாள், பத்து தடவை கட் பண்ணினாள். சும்மா இருக்கும்போது பட்டனை விடாமல் அழுத்தினால், வாயால் பெயரைச் சொல்லி நாமே கால் போடலாம். அதையும் சொல்லிக் கொடுத்து, என் நம்பரை அவள் போனில் போட்டு, காலையில் வேனுக்குக் கிளம்பும் முன் காதில் மாட்டிவிடும்படி அவள் அப்பாவிடம் சொல்லி அனுப்பினேன். டீயில் நனைந்ததை நானே வைத்துக்கொண்டேன்.

4. மறுநாள்

பத்து மணியிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. டெம்பர் கிளாஸை இரண்டு தடவை கோணலாக ஒட்டினேன். பன்னிரண்டரைக்குப் புது நம்பரிலிருந்து கால் வந்தது.

"அக்கா, மோகனா பேசறேன்."

"நைனா வேன்லேர்ந்து வந்துட்டாரா?"

"வூட்ல யாருமே இல்லக்கா. நானே போட்டேன்."

பதினேழு வருடத்தில் எத்தனையோ போன் விற்றிருக்கிறேன். ஒரு கால் வந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

இன்டர்வியூவில் எல்லாம் பேசி முடித்தபின், திங்கட்கிழமையே சேர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். கையைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்றுதான் இருந்தாளாம். ஆனால் சொல்லிவிட்டாள்.

"ரெண்டு கையும் கட்டு போட்டுக்கினு எப்டிம்மா போன் எடுத்தேன்னு கேட்டாருக்கா. தோளாலன்னு சொன்னேன். அதக் கேட்டுச் சிரிச்சாரு. கட்டு அவுத்துட்டு வா, உன் சீட்டு இருக்கும்னு சொல்லிட்டாரு."

இயர்பட்ஸை நான் என் காதுக்கும் என் கைக்கும் என் அம்மாவின் வாய்க்கும்தான் டெஸ்ட் செய்துகொண்டிருந்தேன். மாட்டப்போகிறவர் யார் என்று தெரியாமல் போட்ட மார்க்குக்கு அர்த்தம் கிடையாது. பேஸ், பேட்டரி எல்லாம் அதற்கப்புறம்தான்.

இப்போது யார் இயர்பட்ஸ் கேட்டாலும், டிராயரைத் திறப்பதற்கு முன்னால், "கையக் காட்டுங்க" என்கிறேன். வெளியூர்க்காரர்கள் சிலர் சட்டையை மடித்துக்கொண்டு, "கட்டு இங்கதான் போடறீங்களா?" என்று கேட்கிறார்கள்.