பெயர்ப்பலகை வைத்த களைகள்

வாடிப்பட்டி அன்னக்கொடிக்கு மதுரையில் ஒரு கல்லூரியின் தாவரத் தோட்டத்தில் பதினோரு வருடமாகக் களையெடுக்கும் வேலை. தினக்கூலிதான். "அடுத்த வருசம் நிரந்தரமாக்கிடலாம்மா" என்று தோட்டப் பொறுப்பாளர் தனிஸ்லாஸ் சொல்லத் தொடங்கி ஆறு வருடமாகிறது. அவரைக் குறை சொல்லக்கூடாது. வருடம் தவறாமல் சொல்லிவிடுவார்.

இந்த முறை காரியத்தோடு சொன்னார். தோட்டத்தில் உள்ளூர் உணவுத் திருவிழா வருகிறதாம். "நம்ம மண்ணுல வெளையுறதை நாமளே திங்கணும்னு சொல்லத்தான் விழா. ஒரு களை கண்ணுல படக்கூடாது. நல்லபடியா முடிஞ்சா உன் பேரை எழுதி அனுப்பிடுறேன்."

மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் பிடுங்கினாள். பிடுங்கியதில் கீரையாக ஆகக்கூடியதை வழக்கம்போல ஈரச்சாக்கில் சுற்றி மோட்டார் ரூமுக்குப் பின்னால் வைத்தாள். அவள் வீட்டுக் குழம்பு பதினோரு வருடமாக இந்தத் தோட்டத்தில்தான் விளைகிறது.

விழாவன்று சிறப்பு விருந்தினர் திவ்யா மேடம் வந்து சுற்றும் முற்றும் பார்த்தார்.

"தானா முளைக்கிற கீரையைக் காட்டத்தானே சார் வந்தேன்? மூக்கிரட்டை எங்க, சாரணை எங்க? இப்படி மொட்டையடிச்சு வச்சிருக்கீங்களே!"

விழாவுக்கு வந்த அறுபது பேர் செல்போனும் கையுமாக வெறும் மண்ணைப் பார்த்தார்கள். தனிஸ்லாஸ் அன்னக்கொடியை முறைத்தார். பதினோரு வருடமும் போச்சு என்று நினைத்தவளுக்கு மோட்டார் ரூம் சாக்கு ஞாபகம் வந்தது.

"எல்லாரையும் டீ குடிக்கக் கூட்டிட்டுப் போங்க சார், இந்தா வாரேன்" என்று ஓடினாள். சாக்கை அவிழ்த்து, வேரோடு இருந்ததையெல்லாம் பாத்தியில் ஊன்றித் தண்ணீர் தெளித்தாள். மாணவர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை குத்தினார்கள்.

திரும்பி வந்த திவ்யா மேடம், "எவ்வளவு இயற்கையா இருக்கு!" என்று உருகிப்போனார்.

மாலையில் அன்னக்கொடிக்குப் பொன்னாடை. "இனி நம்ம தோட்டத்துல களைன்னு எதுவுமே கிடையாது, எல்லாம் உணவுதான்!" என்று தனிஸ்லாஸ் மைக்கில் முழங்கினார். அன்னக்கொடியும் சேர்ந்து கைதட்டினாள்.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனாள். "என் பேரை எழுதிட்டீகளா சார்?"

"மைக்குல சொன்னேன்லம்மா? களையெடுக்குறதையே நிறுத்தியாச்சு." அவர் குரல் இறங்கியது. "அப்புறம் அதுக்கு ஆளு எதுக்கும்மா?"

கைதட்டிய கையை நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே பாத்திக்குப் போய்க் குந்தினாள். மூக்கிரட்டையைப் பிடுங்கினாள், சாரணையைப் பிடுங்கினாள்.

"ஏம்மா, அது கண்காட்சிக்கு வச்சதும்மா!"

"ஊண்டுனது நாந்தான சார்?"

பிடுங்கியதையெல்லாம் பொன்னாடையில் மூட்டையாகக் கட்டினாள். பெயர்ப்பலகைகளை மட்டும் அவருக்கு விட்டுவிட்டு, ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டி பஸ் ஏறினாள்.