குழியைத் தொலைத்தவன்

பொருள்களைத் தொலைப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு. குடை, மூக்குக்கண்ணாடி, ஒருதடவை கல்யாண வீட்டில் புதுச்செருப்பு. ஆனால் ஆள் உயரக் குழியைத் தொலைத்தவன் சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊருக்குக் கிழக்கே, திருவேங்கடம் போகும் வழியில் எனக்கு ஒரு சுண்ணாம்புக் காளவாசல் இருந்தது. பக்கத்து ஓடைப் புறம்போக்கில் சுக்கான்கல் தோண்டி, காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்பேன். தோண்ட சர்க்கார் பெர்மிட் வேண்டும். முதல் துண்டு நிலத்தில் கல் தீர்ந்ததும் அடுத்த துண்டுக்கு மனுப் போட்டேன். பழைய குழியை மூடி, தரையைப் பழையபடி ஆக்கினால்தான் புதுப் பெர்மிட் என்று பதில் வந்தது.

இதற்குக் காரணம் என் தெருவில் ஆடு வளர்க்கும் ஒரு பெண். அண்ணி முறை என்பதால் மைனி என்று கூப்பிடுவேன். அவளுடைய கிடா அந்தக் குழிக்குள் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. கிடாயைத் தாலுகா ஆபீசுக்கே இழுத்துக்கொண்டு போய், தாசில்தார் முன்னால் நொண்டவிட்டுக் காட்டியிருக்கிறாள். நான் எழுதிய மனுவைவிட அந்த நொண்டல் நன்றாக வேலை செய்தது.

ஐப்பசி பிறந்திருந்தது. பொங்கலுக்கு ஊர் முழுக்க வெள்ளையடிப்பார்கள். அந்த வியாபாரத்தில்தான் என் வருஷமே ஓடும். காளவாசலோ ஆறிக் கிடந்தது. சுண்ணாம்பு சுடுகிறவனும் அவன் பெண்டாட்டியும், "கல்லு வரலேன்னா நாங்க ராஜபாளையத்துக்குப் போறோம் மொதலாளி" என்று சட்டிபானையைக் கட்டிவைத்துவிட்டார்கள். அவர்கள் போனால் நான் சுட வேண்டும். எனக்குச் சுருட்டே ஒழுங்காகப் பற்றவைக்க வராது.

குழியை மூடினேன். ஆழம் அளப்பதற்காக நடுவில் தோண்டாமல் விட்டிருந்த மண்தூணையும் (சாட்சி என்போம்) சேர்த்து மூடினேன். மேலே கரிசல் பரப்பி, ஏர் கட்டி உழுது, காணப்பயறு விதைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். விதை மிச்சம் இருக்கிறதே என்று சுற்றிலும் தூவிவைத்தேன். ஐப்பசி மழையில் ஓடைக்கரை முழுக்க ஒரே பச்சை.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். கையில் நிலத்தின் வரைபடம்.

"எங்கவே குழி?"

"மூடிட்டேன்யா."

"அதான், மூடின குழி எங்க?"

"இந்தா, இங்கனதான்…" என்று கையை நீட்டினேன். கை சிவகிரிப் பக்கம் புறப்பட்டு, திருவேங்கடம் பக்கம் போய் நின்றது.

"உடைமரத்துக்குத் தெக்கன்னு படத்துல இருக்கு. மரம் எங்க?"

மரம் காற்றில் சாய்ந்ததும், அதை நான் காளவாசலில் வைத்து எரித்ததும் நினைவுக்கு வந்தன. "மரம் சுண்ணாம்பாப் போச்சுய்யா" என்றேன்.

"குழியும் இல்ல, மரமும் இல்ல. குழியை வேற எங்கயோ தெறந்து போட்டுட்டு, நல்ல நெலத்தைக் காட்டி என்னை ஏமாத்துதீரு. மூடினது நெசம்னா தோண்டிக் காட்டும்."

வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியை ஓங்கினேன். பாறையில் பட்டதுபோல் எகிறியது. இன்னோர் இடம். அங்கேயும் அப்படியே. "இது யாரும் தொடாத மண்ணுவே" என்று இன்ஸ்பெக்டர் படத்தைச் சுருட்ட ஆரம்பித்தார். என் கண்ணுக்கு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறும் சட்டிபானை தெரிந்தது.

வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மைனி சிரித்தாள். "என்ன கொழுந்தனாரே, புதையலா தேடுதீரு?"

"மைனி, குழி எங்கன இருந்துச்சுன்னு சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

"எங்கிடாய்க்குல்லா தெரியும். அதுட்ட கேளும்." கொஞ்சம் யோசித்தாள். "புதுக்குழிக்கு முள்ளுவேலி போடுவீரா?"

"போடுதேன்."

"எங்கிட்டச் சொல்லாதியும். ஐயாட்டச் சொல்லும்."

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். மைனி பயற்றுக்குள் இறங்கி, காளவாசலைப் பார்த்தபடி இங்குமங்கும் நகர்ந்து, ஓரிடத்தில் காலைத் தட்டினாள்.

"இங்கேருந்து நாலு எட்டு முன்னால வெட்டும். கெடா விழுந்தன்னைக்கு இங்கன குழிக்கரையில நின்னுதான் காளவாசலைப் பாத்து உம்மைக் கூவினேன். அதுக்கு நேர் பின்னால கோயில் கோபுரம் தெரிஞ்சுது. சாமியும் வரல, நீரும் வரல."

வெட்டினேன். மண் பொலபொலவென்று விட்டது. இடுப்பளவு இறங்கியதும் ஒரு பக்கம் மட்டும் சுவர் மாதிரி விறைத்து நின்றது. சாட்சி! தாய்மாமனைக் கண்டதுபோல் அதைக் கட்டிக்கொண்டேன். சட்டை பாழானது.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். "சரி, மூடித்தான் இருக்கீரு. பெர்மிட் குடுக்கலாம்னு எழுதுதேன். ஒரு நிபந்தனை."

"சொல்லுங்கய்யா."

"நீரு நிக்கீரே, இந்தக் குழி. இதை மூடணும்."

அவர் முன்னாலேயே மூடினேன். மைனி வரப்பில் உட்கார்ந்து, "அந்த மூலையில மண்ணு பத்தலை" என்று மேற்பார்வை பார்த்தாள்.

மார்கழி பிறந்ததும் பெர்மிட் வந்தது. காளவாசல் புகைந்தது. கட்டிவைத்த சட்டிபானை அவிழ்ந்தது. சுட்டெடுத்த முதல் கூடைச் சுண்ணாம்பை மைனி யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாள். புதுக்குழியைச் சுற்றி முள்வேலி போட்டேன். என் வேட்டிகளில் பாதி அதில்தான் கிழிந்தது. பழைய குழி இருந்த இடத்தில் கனமான முளை ஒன்றை அடித்தேன். மைனி அதில் அந்த நொண்டிக் கிடாயைக் கட்டினாள். பிறகு எந்த அதிகாரி வந்து கேட்டாலும் என் கை அலையவில்லை. "அந்தா, கெடா மேயுதே, அதுதான்யா" என்பேன்.